கேனனா, நிக்கானா, சோனியா: கையில் பிடித்துப் பார்த்துக் கேமரா வாங்கும் முறை

கேமரா வாங்கப் போகும் நாளில், வேலைக்குப் போகும் அதே கையோடு போங்கள். மோதிரம் போடுகிறவர் மோதிரத்தோடு, வளையல் போடுகிறவர் வளையலோடு, மூக்குக் கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு. முடிந்தால் மதிய வெயிலில் வண்டி ஓட்டிப் போய், உள்ளங்கை வியர்த்திருக்கும்போதே கடைக்குள் நுழையுங்கள். ஏசியில் காய்ந்த கைக்கு எல்லாக் கேமராவும் நன்றாகத்தான் இருக்கும்.

நான் மதுரையில் கல்யாணம், காதணி விழா, வளைகாப்பு எடுப்பவள். முகூர்த்த நாளென்றால் திருப்பரங்குன்றம். மற்றபடி ஒத்தக்கடை, மேலூர், திருமங்கலம் பக்கம் ஏதாவது ஒரு மண்டபம். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, கேனன் வாங்கவா, சோனி வாங்கவா? நிக்கான்லாம் இன்னும் ஓடுதா?" ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஏறக்குறைய ஒரே விலையில், ஒரே காலத்தில் வந்த மூன்று ஃபுல் ஃபிரேம் (படம் பதியும் சென்சார் பெரிதாக இருக்கும்) பாடிகளில், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராக்களில், எடுத்த படங்களைத் திருத்தி ஆல்பமாக அடித்துக் கொடுத்தால், எந்தப் பக்கம் எந்தக் கம்பெனி என்று என்னால் சொல்ல முடியாது. பாடியையே கையில் கொடுத்தால், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அதனால் என் வரிசை இப்படி: முதலில் பையில் இருப்பதைக் கணக்குப் பார்ப்பது, அடுத்து கை, அதற்கு அப்புறம்தான் படம்.

ஃபியூஜி, பானசோனிக் இரண்டையும் இங்கே விட்டுவிடுகிறேன். ஃபியூஜி எக்ஸ்-டி5-ல் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு), ஷட்டர் வேகம் எல்லாம் மேலேயே தனித்தனி டயலாக இருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் சென்சார் சின்னது. மண்டபத்து இருட்டில் அந்த வித்தியாசம் தெரியும். ஊர் சுற்றும்போது எடுக்க அருமையான கேமரா.

பையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

பாடி நாலைந்து வருடத்தில் கை மாறிவிடும். லென்ஸ் தங்கும். எனவே பழைய லென்ஸ் புதிய பாடியில் உட்காருமா என்பதுதான் முதல் கணக்கு.

கேனனின் இஎஃப் மவுண்ட் (லென்ஸ் பாடியில் பூட்டும் இடம்) 1987-ல் வந்தது. அன்றைக்கே ஃபோகஸ் மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே மின்தொடர்பு மட்டும்தான். அதன் பலன் இன்றைக்கு நமக்குக் கிடைக்கிறது. 5டி மார்க் த்ரீயோடு வாங்கிய 70-200, அந்த 85 எஃப் 1.8 எல்லாம் ஒரு அடாப்டர் போட்டால் ஆர்6 மார்க் டூவில் அப்படியே ஓடும். (70-200, 85 என்பது லென்ஸின் குவியத்தூரம், மில்லிமீட்டரில். எஃப் எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்.) வீட்டில் கேனன் லென்ஸ் நிறைய இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே மற்ற இரண்டையும் பார்க்காமல் கேனன் ஆர் வரிசைக்குப் போய்விடலாம்.

நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-ல் பிறந்தது. வயசு கூட, வம்பும் கூட. பேரில் 'ஏஎஃப்-எஸ்' என்று இருக்கிற லென்ஸ், எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக இப்போதைய இசட் வரிசை பாடியில் ஆட்டோஃபோகஸ் ஆகும். 'ஏஎஃப்-டி' என்று இருந்தால் ஆகாது. அந்த லென்ஸ்களுக்கு மோட்டார் பாடியில் இருக்க வேண்டும். இசட் பாடியிலும் இல்லை, அடாப்டரிலும் இல்லை. அப்பா காலத்து 80-200 டி இருக்கிறதே, அதை வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்று யாராவது இசட்6 வாங்கினால், கெட்டிமேளம் கொட்டும்போது கையால் வளையத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சோனியின் இ மவுண்ட் 2010-ல் வந்தது, அதில் முதல் ஃபுல் ஃபிரேம் ஏ7 வந்தது 2013-ல். பழைய லென்ஸ் பாரம்பரியம் குறைவு. அதற்குப் பதிலாக ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: மவுண்ட் விவரங்களை ஆரம்பத்திலேயே மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் டாம்ரான், சிக்மா லென்ஸ் என்றால் சோனிக்கு இவ்வளவு தேர்வு இருக்கிறது. 2018-ல் டாம்ரான் 28-75 எஃப் 2.8 வந்தபோது, சொந்தக் கம்பெனி லென்ஸ் வாங்கப் பணம் இல்லாத எத்தனையோ பேர் ஃபுல் ஃபிரேமுக்கு மாறினார்கள். நிக்கானும் இசட் மவுண்டில் டாம்ரானுக்குக் கதவைத் திறந்துவிட்டது. கல்யாண வேலைக்கென்றே செய்த மாதிரி இருக்கும் டாம்ரான் 35-150 எஃப் 2-2.8 சோனிக்கும் கிடைக்கிறது, நிக்கான் இசட்டுக்கும் கிடைக்கிறது. கேனன் இந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம். 2018-ல் ஆர்எஃப் மவுண்ட் வந்தும், 2024-ல்தான் சிக்மா, டாம்ரான் இருவருக்கும் அனுமதி கொடுத்தது. அதுவும் சின்ன சென்சார் லென்ஸ்களுக்கு. புதிதாகத் தொடங்குகிறவர் பட்ஜெட்டில் இது பெரிய ஓட்டை போடும்.

பேட்டரியையும் பாருங்கள். கேனனின் எல்பி-இ6 குடும்பம் 2008-ல் 5டி மார்க் டூவோடு வந்தது. பழைய பேட்டரி ஆர்6 மார்க் டூவிலும் ஏறும். நிக்கான் இஎன்-இஎல்15, 2010-ல் டி7000-ல் தொடங்கி டி750, டி850 வழியாக இசட்6, இசட்8 வரைக்கும் அதே அச்சுதான். பழசு போட்டால் படங்களின் எண்ணிக்கை குறையும், ஆனால் வேலை நடக்கும். சோனி ஏ7 த்ரீயிலிருந்து எஃப்இசட்100. அதற்கு முந்தைய பேட்டரி சின்னது, புதிய பாடியில் போடவே முடியாது.

அப்புறம் ஃபிளாஷ் டிரிக்கர், தள்ளி நிற்கும் ஃபிளாஷைக் கேமராவிலிருந்தே எரியவைக்கும் கருவி. நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது கோடாக்ஸ். மேடையில் ஸ்டாண்டில் நிற்கும் லைட்டை மாற்ற வேண்டாம். கேமரா தலையில் மாட்டும் டிரிக்கர் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கேனனுக்கு 'சி', நிக்கானுக்கு 'என்', சோனிக்கு 'எஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். சின்னச் செலவுதான். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு ஞாபகம் வந்தால்தான் பெரிய செலவு.

யாரும் சொல்லாத இன்னொன்று இருக்கிறது. உங்களோடு வேலை பார்க்கும் பத்துப் பேர் எந்தக் கம்பெனி வைத்திருக்கிறார்கள்? தை, ஆவணி முகூர்த்தத்தில் ஒரே நாளில் இரண்டு ஆர்டர் வரும். லென்ஸ் கீழே விழும், கார்டு ரீடர் மறந்துபோகும், 85 வேண்டியிருக்கும். "அண்ணே, உங்க 85-ஐ இன்னிக்கு மட்டும் கொடுங்க" என்று கேட்க ஒரே மவுண்ட் வைத்திருக்கும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். நிபுணர்கள் எல்லாம் புகழ்கிற கேமராவை நீங்கள் ஒருவர் மட்டும் தனியாக வைத்திருப்பதைவிட, உங்கள் வட்டத்தில் நாலு பேர் வைத்திருக்கும் கேமரா மேல். நான் இப்போது வைத்திருக்கும் கம்பெனியைத் தேர்ந்ததில் பாதிக் காரணம் இதுதான்.

கை

இப்போது கடைக்குள் வருவோம். கடைக்காரர் ஒரு சின்ன கிட் லென்ஸை மாட்டித்தான் பாடியைக் கொடுப்பார். அப்படிப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 70-200 எஃப் 2.8 மாட்டித் தரச் சொல்லுங்கள். கேனன் ஆர்எஃப் 70-200 1070 கிராம், சோனியின் இரண்டாம் தலைமுறை 1045 கிராம், நிக்கான் இசட் 1360 கிராம். மூன்றும் முக்காலி வளையம் இல்லாத கணக்கு. பாடியில் ஆர்6 மார்க் டூ 670, ஏ7 ஃபோர் 658, இசட்6 த்ரீ 760 கிராம். காகிதத்தில் முந்நூறு நானூறு கிராம்தானே என்று தோன்றும். நலங்கு, ஊஞ்சல், தாலி, பந்தி என்று காலை நாலு மணியிலிருந்து மதியம் வரை தூக்கிக்கொண்டு நிற்கும்போது அந்த நானூறு கிராம் மணிக்கட்டில் பேசும்.

எடை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லென்ஸை மாட்டிய பிறகு இடது கையை எடுத்துவிட்டு, வலது கையில் மட்டும் கேமராவைத் தொங்கவிட்டுப் பாருங்கள். சுண்டு விரல் எங்கே இருக்கிறது? கிரிப் உயரம் குறைவான பாடியில் சுண்டு விரலுக்கு இடம் இருக்காது, அடியில் மடங்கிக்கொள்ளும். அப்போது மொத்த எடையையும் நடுவிரல் இரண்டும் தாங்கும், ஒரு மணி நேரத்தில் வலி தொடங்கும். ஏ7 த்ரீயில் பெரிய கைக்காரர்கள் சொன்ன குறை இது. ஏ7 ஃபோரில் கிரிப்பைக் கொஞ்சம் ஆழமாக்கினார்கள். எனக்குக் கை சின்னது. நான்கு விரலும் ஏ7 ஃபோரில் வசதியாக உட்காருகிறது. என்னோடு வேலைக்கு வரும் தம்பிக்குக் கபடிக்காரக் கை. அவனுக்கு நிக்கான் கிரிப்தான் சரி. அதன் முன்பக்க வளைவில் நடுவிரல் போய் அப்படியே பூட்டிக்கொள்கிறது என்பான். அதே பாடியில் எனக்கு ஆள்காட்டி விரல் ஷட்டரைத் தொடக் கொஞ்சம் எட்ட வேண்டியிருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கேமராவைச் சிபாரிசு செய்கிறவர் கையைப் பார்க்காமல் பேசுகிறார் என்று அர்த்தம்.

அடுத்த சோதனைக்குக் கண்ணை வியூஃபைண்டரில் வைத்துக்கொள்ளுங்கள், எடுக்கவே கூடாது. ஐஎஸ்ஓவை 800-லிருந்து 3200-க்குக் கொண்டு போங்கள். ஃபோகஸ் புள்ளியை இடதுபக்க முகத்திலிருந்து வலதுபக்க முகத்துக்கு மாற்றுங்கள். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு ஸ்டாப் குறையுங்கள், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள். இந்த மூன்றும் விரல் தடவியே நடக்க வேண்டும். பழகாத பாடியில் முதல் தடவை தடுமாறும், அது பரவாயில்லை. ஐந்து நிமிடம் கழித்தும் கட்டைவிரல் தேடிக்கொண்டே இருந்தால், பட்டன் உங்கள் விரலுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது என்று பொருள். பழக்கம் வந்தால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். விரல் நீளம் பழக்கத்தால் மாறாது.

வளையல் போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வலது கை வளையல் பின்பக்கப் பெரிய டயலில் உரசுகிறதா பாருங்கள். கேனனின் அந்த வட்ட டயல் அருமையான வசதி, ஆனால் கேமரா இடுப்பில் தொங்கும்போது வளையலோ புடவைக் கொசுவமோ பட்டு எக்ஸ்போஷர் நகர்ந்துவிடும். டயலைப் பூட்டும் வசதி இருக்கிறது. வாங்கிய அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

ஆன் ஆஃப் சுவிட்ச் சின்ன விஷயம் மாதிரி தெரியும். நிக்கானிலும் சோனியிலும் அது ஷட்டரைச் சுற்றி இருக்கும். ஒரு கையால் கேமராவைத் தூக்கும்போதே ஆன் செய்துவிடலாம். கேனன் ஆர்6-ல் இடது பக்கம் இருந்தது, ஆர்6 மார்க் டூவில் வலது பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். ஆர்6, ஆர்6 மார்க் டூ என்று இரண்டையும் ஒன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு வேலை செய்கிறவருக்கு இது தலைவேதனை. இரண்டு பாடி வைப்பதாக இருந்தால் ஒரே மாடல் இரண்டு வைப்பது விரலுக்கு நல்லது. கம்பெனி மாறுகிறவர்கள் லென்ஸ் மாட்டும் திசையையும் கவனிக்க வேண்டும்: நிக்கான் மற்ற இரண்டுக்கும் நேர் எதிர்ப்பக்கம் திருகும். அவசரத்தில் பழைய திசையில் அழுத்தித் திருகாதீர்கள்.

திரையைப் பொறுத்தவரை எனக்குப் பிடிவாதமான கருத்து ஒன்று உண்டு. அழகர் ஆற்றில் இறங்கும்போது கூட்டத்துக்கு மேலே இரண்டு கையையும் தூக்கித்தான் எடுக்க வேண்டும். அப்போது மேலும் கீழும் மட்டும் மடியும் திரைதான் வேகம். எடுத்தவுடன் மடித்து, பார்த்து, அழுத்தலாம். ஆர்6 மார்க் டூ, ஏ7 ஃபோர், இசட்6 த்ரீ மூன்றிலுமே பக்கவாட்டில் திறந்து சுழலும் திரை. வீடியோவுக்கு அது நல்லது. நெரிசலில் பக்கத்து ஆளின் முழங்கை இடிக்கும். செங்குத்தாகவும் கிடையாகவும் இரண்டு பக்கமும் மடியும் திரை நிக்கான் இசட்8-ல் இருக்கிறது. விலை கேட்டால் மயக்கம் வரும், அது வேறு.

கண்ணாடி போடுகிறவர்கள் வியூஃபைண்டரின் நாலு மூலையும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, கடை வாசலுக்கு வந்து வெயிலில் நின்று ஒருமுறை பாருங்கள். கடைக்காரர் பாடியை வெளியே விட யோசிப்பார். ஐடி கார்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தாலி கட்டும் நேரம்

கல்யாணப் படத்தில் திருப்பி எடுக்க முடியாதது அந்த அரை நிமிடம்தான். ஹோமப் புகை, பறக்கும் அட்சதை, வீடியோகாரரின் லைட், பொண்ணின் முகத்துக்கு முன்னால் நாத்தனார் கை, மாப்பிள்ளை குனிவதால் மாலை வந்து முகத்தில் பாதியை மறைப்பது. இதைக் கடையிலேயே கொஞ்சம் நடித்துப் பார்த்துவிடலாம். கூட வந்தவரை நாலடி தூரத்தில் நிற்கச் சொல்லி, கண்ணில் ஃபோகஸ் பிடித்துக்கொண்டு தொடர்ந்து எடுங்கள். இன்னொருவரை நடுவில் கையை ஆட்டச் சொல்லுங்கள். ஃபோகஸ் கைக்குத் தாவுகிறதா, முகத்திலேயே நிற்கிறதா, தாவினால் எவ்வளவு நேரத்தில் திரும்பி வருகிறது?

இப்போதைய பாடிகளில் மூன்று கம்பெனியுமே இதில் நன்றாகத்தான் செய்கின்றன. குறுக்கே ஏதாவது வந்தால் உடனே தாவவா, பொறுக்கவா என்று சொல்லும் செட்டிங் மூன்றிலும் இருக்கிறது, பெயர்தான் வேறு வேறு. அதைப் 'பொறு' பக்கம் தள்ளி வைத்துவிட்டுச் சோதியுங்கள். நடுவில் விட்டுவிட்டு இந்தக் கேமரா தாவுகிறது என்று குறை சொல்லாதீர்கள். பழைய தலைமுறை செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு இங்கே வித்தியாசம் பெரிதாகவே தெரியும். முதல் இசட்6-ஐவிட அதே காலத்து ஏ7 த்ரீ கண்ணைப் பிடிப்பதில் முன்னால் நின்றது. அந்த முதல் இசட்6-ல் கார்டு போடும் இடமும் ஒன்றுதான். கல்யாண வேலைக்கு இரண்டு கார்டு இல்லாத பாடியை இலவசமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

படம்

சொந்த மெமரி கார்டு கொண்டு போங்கள். ராவும் (சென்சார் பதிந்த மூலக் கோப்பு) ஜேபெக்கும் (கேமராவே திருத்தி முடித்த படம்) சேர்த்து எடுத்து, வீட்டுக்கு வந்து உங்கள் கம்ப்யூட்டரில் பாருங்கள். கேமராவின் பின்திரையில் பார்த்து நிறத்தை முடிவு செய்யவே கூடாது. ஒவ்வொரு கம்பெனித் திரையும் ஒவ்வொரு விதமாகப் பூசிக் காட்டும்.

கையோடு ஒரு அரக்குப் பட்டுப்புடவையும் கொண்டு போங்கள், சிரிக்காதீர்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் சென்சாரைத் திணறடிக்கும் நிறம் அரக்கும் சிவப்பும்தான். மஞ்சள் லைட்டில் சிவப்பு நிறத்தின் பதிவு மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடும். வெள்ளைக் கோடாகத் தெரியும் பொதுவான ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) எல்லாம் சரி என்று சொல்லும். வீட்டில் பார்த்தால் புடவையில் மடிப்பும் தெரியாது, ஜரிகைக்கும் பட்டுக்கும் இடையே நெசவும் தெரியாது, ஒரே சிவப்புப் பரப்பு. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமை எடுத்து வைத்து, சிவப்பு வலது சுவரில் இடிக்காதபடி எடுத்துப் பழகுங்கள். மூன்று கம்பெனிக்கும் இது பொது. ஜேபெக்கில் மட்டும் யார் கொஞ்சம் அதிகம் வழியவிடுகிறார்கள் என்று அந்தப் புடவையை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து முகம். "கேனன் கலர், கேனன் கலர்" என்று எல்லோரும் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. கேனன் ஜேபெக்கில் தோல் லேசான சிவப்புப் பக்கம் போகும், பார்த்தவுடன் ஆரோக்கியமாகத் தெரியும். ஏ7 த்ரீக்கு முந்தைய சோனிகளில் தோல் மஞ்சள் பச்சைப் பக்கம் சாய்கிறது என்ற பேச்சு இருந்தது. மஞ்சள் பூசிக் குளித்த பொண்ணை மஞ்சள் லைட்டில் எடுத்தால் அது இன்னும் கூடும். பிந்தைய பாடிகளில் இதைப் பெரும்பாலும் சரிசெய்துவிட்டார்கள். நிக்கான் நடுவில் நிற்கும். ஆனால் ராவில் எடுத்து லைட்ரூம் என்ற மென்பொருளில் ஒரு புரொஃபைல் (நிற அமைப்பு) போட்டுவிட்டால் இந்தச் சண்டை முக்கால்வாசி முடிந்துவிடும். ராவில் எடுக்கிறவர் கலருக்காகக் கம்பெனி மாறத் தேவையில்லை. நிகழ்ச்சி முடியும் முன்பே மண்டபத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் வேலை செய்கிறவருக்கு ஜேபெக்தான் சோறு. அவர் ஜேபெக்கைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் 'வெள்ளையை வெள்ளையாகக் காட்டு', 'மஞ்சளை மஞ்சளாகவே விடு' என்று இரண்டு விதம் மூன்று கம்பெனியிலும் உண்டு. குத்துவிளக்கு ஏற்றும் படத்துக்கு இரண்டாவதை வையுங்கள்.

கறுத்த மாப்பிள்ளை, பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, மதிய வெயில். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள தூரத்தை அளக்க இதைவிட நல்ல சோதனை இல்லை. சட்டை வெளுத்துப்போகாதபடி எடுத்து, முகத்தைக் கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று ஸ்டாப் தூக்கிப் பாருங்கள். கன்னத்தில் நிறப்புள்ளி பரவுகிறதா? டி850-ம் இசட்8-ம் ஐஎஸ்ஓ 64-லிருந்து தொடங்குவதால் வெயிலில் இந்த இடத்தில் ஒரு கை கூடத்தான். இசட்6 த்ரீ வேகத்துக்காக வேறுவகை சென்சாருக்கு மாறியது. குறைந்த ஐஎஸ்ஓவில் நிழலைத் தூக்கினால், அதற்கு முந்தைய இசட்6 டூ அதைவிடக் கொஞ்சம் சுத்தமாக இருக்கும். கீழக்குயில்குடி தாமரைக் குளத்துப் பக்கம், மதியத்தில் ஜோடிப் படம் எடுத்தே தீர வேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு இது தெரியும். மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓ 3200, 6400 என்று வந்துவிட்டால் மூவரும் ஏறக்குறைய பக்கத்தில் பக்கத்தில்தான்.

மெகாபிக்சலுக்கு ஒரு கணக்குப் போடுவோம். நம் ஆல்பம் விரித்தால் 12×36 இன்ச். ஒரு பக்கம் 12×18. அந்த ஒரு பக்கத்தை இன்ச்சுக்கு 300 புள்ளி வீதம் நிரப்ப 5400×3600, அதாவது 19 மெகாபிக்சல் சொச்சம் போதும். 24 மெகாபிக்சல் கேமரா 6000×4000 கொடுக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே படம் விரித்தாலும், மடியில் வைத்துப் பார்க்கிறவர் கண்ணுக்குக் குறை தெரியாது. 45 மெகாபிக்சலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல 85 வாங்கலாம். ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, அத்தனையையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, டிசைனருக்கு அனுப்பும்போதுதான் பெரிய ஃபைலின் அருமை தெரியும். ஏ7 ஃபோரின் 33 எனக்கு நடுவாந்தரமாகப் படுகிறது, வெட்டி எடுக்கக் கொஞ்சம் இடம் இருக்கும்.

எல்இடி சுவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இப்போது எந்த மண்டபத்தில் பார்த்தாலும் மேடைக்குப் பின்னால் எல்இடி திரை, சுற்றிலும் சீரியல் லைட். சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் சென்சார் மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கும். படித்து முடிப்பதற்குள் லைட் பல முறை அணைந்து எரிந்துவிடும். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஏ7 ஃபோர் படிப்பதில் மெதுவான ரகம். இசட்6 த்ரீ வேகம், இசட்8 அதைவிட வேகம். இசட்8-ல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. சோனி ஏ9 த்ரீ மொத்த சென்சாரையும் ஒரே நேரத்தில் படிக்கும். இவ்வளவு செலவு வேண்டாம் என்றால் மேடையில் மெக்கானிக்கல் ஷட்டரையே பயன்படுத்துங்கள், தாலி கட்டும்போது நாதஸ்வரச் சத்தத்தில் உங்கள் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை மினுங்கும். அங்கே ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். எல்இடி திரைக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஷட்டர் வேகத்தை நுணுக்கமாக மாற்றிக் கோடு மறையும் இடத்தைப் பிடிக்கும் வசதி உங்கள் பாடியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

புழுதி, தண்ணீர், வெயில்

பொங்கலன்று அவனியாபுரம், அடுத்த நாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். வாடிவாசல் பக்கம் நின்று எடுத்துவிட்டு வந்தால் லென்ஸ் வளையத்தில் மண் நெறுநெறு என்று கேட்கும். கேனன் ஆர்6 மார்க் டூவிலும் ஏ7 ஃபோரிலும் கேமராவை அணைத்ததும் ஷட்டர் மூடிக்கொள்ளும் செட்டிங் இருக்கிறது. இசட்8, இசட்9-ல் தனியாகவே ஒரு மூடி உண்டு. லென்ஸ் மாற்றும்போது அணைத்துவிட்டு மாற்றினால் சென்சாரில் புழுதி ஏறுவது குறையும். மூடிய ஷட்டரை விரலால் தொடக் கூடாது, காற்றும் பலமாக அடிக்கக் கூடாது, அது மெல்லிய தகடு.

சித்திரைத் திருவிழாவில் தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு உங்கள் கேமராவின் விலை தெரியாது. மழை தாங்கும் என்று கம்பெனி சொல்வதை நம்பி நிற்காமல், ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளுங்கள். லென்ஸ் மாட்டும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த லென்ஸ்கள் பலவற்றில் அது இருக்காது, பாடி மட்டும் சீல் செய்யப்பட்டிருந்து பயன் இல்லை.

வெயிலுக்கு மூன்று கம்பெனியின் கையேட்டிலும் மேல் எல்லை 40 டிகிரிதான். சித்திரை, வைகாசியில் நம் ஊர் அதைத் தொட்டுவிடும். வெறும் போட்டோ எடுப்பவருக்குப் பெரிதாகச் சிக்கல் இல்லை. 4கே வீடியோவும் நீளமாக எடுக்கிறவர் வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்து, மொட்டைமாடியில் மதியம் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

பில்லும் பழசும்

இந்தியாவில் வாரண்டி உள்ள பெட்டிதானா என்று சீரியல் எண்ணைப் பில்லோடு ஒத்துப் பார்த்து வாங்குங்கள். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பழசு வாங்கினால் ஷட்டர் எண்ணிக்கை, கிரிப் ரப்பர் ஒட்டியிருக்கிறதா, இரண்டு கார்டிலும் எழுதுகிறதா, ஃபிளாஷ் மாட்டும் இடம் ஆடுகிறதா, இந்த நாலையும் பாருங்கள். கல்யாணக் கேமராவில் முதலில் சாகிறது ஃபிளாஷ் மாட்டும் இடம்தான்.

சரி, "இவ்வளவு சொன்னீங்களே, கடைசியில எதை வாங்க?" என்றால்: கேனன் லென்ஸ் ஏற்கெனவே இருப்பவர், பிரிண்ட் உடனே கொடுப்பவர் ஆர்6 மார்க் டூ. பணத்தை எண்ணித் தொடங்குபவர், கை சின்னவர், பழைய ஏ7 த்ரீயும் ஒரு டாம்ரான் 28-75-ம். அப்புறம் மெதுவாக ஏ7 ஃபோர். கை பெரியவர், வெயிலில் ஜோடிப் படம் அதிகம் எடுப்பவர், எல்இடி மேடை அதிகம் வருபவர் நிக்கான். ஜல்லிக்கட்டும் சேர்த்து எடுப்பேன், பணம் பிரச்சினை இல்லை என்பவர் யோசிக்காமல் இசட்8. இது என் கணக்கு. உங்கள் சுண்டு விரல் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்.

முடிவு செய்த பாடியை நேராக வாங்காமல், ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஏதாவது காதணி விழாவுக்கு இரண்டாவது கேமராவாகக் கொண்டு போங்கள். தாய்மாமன் சீர் வரும் ஊர்வலம், மொட்டை, குழந்தை அழுகை, பந்தல் நிழல், நடு வெயில் எல்லாம் ஒரே காலையில் கிடைத்துவிடும். பிரதான வேலையைப் பழைய கேமராவிலேயே எடுங்கள். கிளம்புவதற்கு முன் இரண்டு பாடியிலும் தேதியையும் நேரத்தையும் நொடி வரை ஒன்றாக வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து படங்களை வரிசைப்படுத்தும்போது காது குத்திய பிறகு மொட்டை போட்ட மாதிரி வரும்.